மூன்று கொட்டேஷனும் ஒரு கேட் பாஸும்

என் வீட்டுக்காரர் அழகர்சாமி மூன்று கொட்டேஷன் இல்லாமல் ஒரு குண்டூசி கூட வாங்க மாட்டார். இதை நான் குறையாகத்தான் சொல்கிறேன். கேட்கிறவர்கள் என்னவோ, "அடேயப்பா, என்ன பொறுப்பான மனுசன்!" என்று வாயைப் பிளக்கிறார்கள். கூட இருந்து குப்பை கொட்டிப் பார்த்தால் தெரியும்.

ஓசூர் சிப்காட்டில் லாரிக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில், ஸ்டோர்ஸில் அவருக்கு வேலை. கம்பெனிக்கு என்ன வாங்கினாலும் மூன்று பேரிடம் விலை கேட்க வேண்டும், மூன்றையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் போட வேண்டும், மார்க் அதிகம் வந்தவனுக்கு ஆர்டர். எண்பத்து நாலில், கல்யாணமான மூன்றாம் மாதம் மேலூரை விட்டு இங்கே வந்தோம். அன்றிலிருந்து அந்தத் தாள் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. குக்கர் வாங்க மூன்று கடை. தக்காளிக்கு மூன்று கூடை. ராயக்கோட்டை மார்க்கெட்டில் இவர் தலையைக் கண்டாலே தக்காளிக்காரிகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இவ்வளவு ஏன், என்னைப் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் வேறு இரண்டு பெண்களைப் பார்த்திருக்கிறார். நான் மூன்றாவது. "எனக்கு எத்தனை மார்க் போட்டீங்க?" என்று இன்றைக்கும் கேட்பேன். சிரிப்பாரே தவிர, சொல்ல மாட்டார். ஊமைக் கோட்டான்!

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பதினெட்டு வருஷத்தில் ஒரு தாளில் கூட அவர் மார்க்கைத் திருத்தியதில்லை. வேண்டியவனுக்கு ஆர்டர் போவதற்காக, அவனுக்குத் தோதாக மார்க்கை மாற்றிப் போடுகிறவர்கள் கம்பெனியில் உண்டு. சாப்பிட உட்கார்ந்தால் அவர்களைத்தான் திட்டுவார். "முடிவ மொதல்ல பண்ணிப்புட்டு மார்க்க அப்பறம் போடுறாய்ங்க, ராசாத்தி. சோத்தத்தான திங்கிறாய்ங்க?" என்பார். இன்னொரு விதியும் அவருக்கு வேதவாக்கு. பொருள் யாருக்கு வேண்டுமோ அவர் கடைசிக் கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். லேத் மிஷினுக்கு எண்ணெய் வாங்கினால் லேத் ஓட்டுகிறவர் கையெழுத்து. அது இல்லாமல் மேனேஜரே சொன்னாலும் ஆர்டர் போகாது.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. மத்திகிரிப் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்தில், பேக்கிங் ஷெட்டில் வேலை பார்க்கிறேன். காம்பு நீளம் பார்த்துப் பிரித்து, இருபது இருபதாகக் கட்டுப் போட்டு, ஏரோப்ளேனுக்கு அனுப்புகிற வேலை. எனக்கும் கண் அளவு உண்டு, கூட்டல் கழித்தலும் வரும். இதைப் பின்னால் ஒரு காரணத்துக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

எங்களுக்கு ஒரே பெண், லாவண்யா. இரண்டாயிரத்து இரண்டில் பிளஸ் டூ முடித்தாள். ஆயிரத்து முப்பத்தி எட்டு மார்க். மார்க் வந்த அன்றைக்கே, "நான் வக்கீலுக்குப் படிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டாள்.

அது திடீர் ஆசை இல்லை. என்னோடு ஷெட்டில் வேலை பார்க்கிற சென்னம்மாவுக்கு அரசாங்கம் கொடுத்த வீட்டு மனை ஒன்று இருந்தது. அவளும் அவள் புருஷன் திம்மப்பனும் மனை இருந்த ஊரிலேயே பிறந்து கூலி வேலை செய்தவர்கள். மனையைப் பக்கத்துத் தோட்டக்காரர் வேலிக்குள் இழுத்துவிட்டார். காகிதத்தில் பாதி தெலுங்கு, பாதி தமிழ், பழைய முத்திரை ஒன்று கன்னடம். பதினாறு வயசில் லாவண்யா அதை எழுத்துக் கூட்டிப் படித்து, மனு எழுதி, சென்னம்மாவைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு ஏழு தடவை நடந்தாள். எட்டாவது தடவை பட்டா கைக்கு வந்தது. அன்றிலிருந்து எங்கள் தெருவில் அவளுக்கு வக்கீலம்மா என்றுதான் பெயர்.

இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மறுக்கவில்லை. ஒரே ஒரு சந்தேகம்தான் அவருக்கு.

"வக்கீலுக்கு பிஎஃப் யாரு தாயி புடிப்பா?"

"யாரும் புடிக்க மாட்டாங்கப்பா. நானே சேத்துக்கணும்."

"பிக்கப் பஸ்ஸு?"

"அதுவும் வராதுப்பா."

மனுஷன் சட்டைப் பையில் பேனாவைத் தேடி எடுத்தார். அப்புறம், "சரி, மூணு கொட்டேஷன் வாங்குவோம்" என்றார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

முதல் கொட்டேஷன் பெங்களூரில் ஒரு தனியார் கல்லூரி. பேர் வேண்டாம். இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம், தினமும் வீட்டுக்கு வந்துவிடலாம். இவர் லீவு போட்டுவிட்டு, சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு கிளம்பினார். நானும் கூடப் போனேன், மானம் போகாமல் பார்த்துக்கொள்ள. ஒன்றும் பிரயோஜனப்படவில்லை. அட்மிஷன் அறையில் இருந்த டை கட்டிய பையனிடம் இவர் நேராகக் கேட்டார்.

"வருசத்துக்கு எத்தன பேரு உள்ள வர்றாங்க, எத்தன பேரு பாஸாகி வெளிய போறாங்க? ரிஜெக்‌ஷன் எவ்வளவு?"

"ரிஜெக்‌ஷனா சார்?"

"கெடக்கட்டும். போன வருசம் பாஸான ஒரு ஆளக் கூப்புடுங்க. சாம்பிள் பாக்கணும்."

அந்தப் பையன் என்னைப் பார்த்தான். நான் காலண்டரைப் பார்த்தேன். கடைசியில் ஃபீஸ் பட்டியலைக் கொடுத்தான். வருஷத்துக்கு முப்பத்தி இரண்டாயிரம் என்றான். இவர் தாளைத் திருப்பிப் பார்த்து, பின்னால் பொடி எழுத்தில் இருந்த லைப்ரரி, டெவலப்மென்ட், யூனிஃபார்ம் எல்லாவற்றையும் கூட்டி, "நாப்பத்தி ஒன்னுன்னு மொதல்லயே சொல்லலாமில்ல தம்பி" என்றார். அதில் மட்டும் எனக்குப் பெருமையாக இருந்தது. படித்து முடித்தால் கம்பெனிகளில் வேலை என்றார்கள். எந்தக் கம்பெனி என்றதற்குப் பளபளவென்று ஒரு புத்தகம் கொடுத்தார்கள்.

இரண்டாவது கோயம்புத்தூர் அரசு சட்டக் கல்லூரி. ஃபீஸ் நாங்கள் தீபாவளிக்குத் துணி எடுக்கிற காசுக்குள் அடங்கிவிடும். ஆனால் பஸ்ஸில் ஆறேழு மணி நேரம், ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும். மூன்றாவது சென்னை. அதை என் தம்பி ஜெகதீஷ் விசாரித்து போனில் சொன்னான். உண்மையில் அது எண்ணிக்கைக்காக வாங்கியது. ஸ்டோர்ஸ்காரர்களின் மூன்றாவது கொட்டேஷன் எப்போதும் அப்படித்தானாம், அவரே சொல்லியிருக்கிறார்.

விலையும் தூரமும் தெரிந்துவிட்டது. வேலை வாய்ப்புக்கு எப்படி மார்க் போடுவது? அதற்கு அவர் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் புரையேறும். சரக்கு நல்லதா என்று தெரிய, அது ஓடுகிற இடத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. இரண்டு நாள் அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு, ஓசூர் கோர்ட் வாசலில் புளியமரத்தடியில் நோட்டோடு நின்றுவிட்டார். கறுப்பு கோட்டு கண்ணில் பட்டால் போதும், நிறுத்தி விடுவார். எந்தக் காலேஜ், எத்தனை வருஷ சர்வீஸ், மாசம் எவ்வளவு வரும், சொந்த வீடா, எத்தனை பாஷை தெரியும்?

வக்கீல்கள் என்ன நினைப்பார்கள்? பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்த ஆள் என்று நினைத்துவிட்டார்கள். சௌந்தரராஜன் என்று ஒரு இளம் வக்கீல், ஓட்டலுக்குக் கூட்டிப்போய் காபி வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

"கோயமுத்தூர்ல படிச்சேனுங்க. பிராக்டீஸ் நாலு வருசமாச்சு. தெலுங்கு, கன்னடம் ரெண்டும் நல்லா வருமுங்க. அப்பாவுக்கு சூளகிரில நெலம் இருக்குது."

"ரொம்ப நல்லதுங்க தம்பி" என்று இவர் எழுதிக்கொண்டார்.

"அனுஷம்ங்க. விருச்சிக ராசி."

அதையும் எழுதிக்கொண்டு வந்துவிட்டார்! வீட்டில் நோட்டைப் படித்த லாவண்யா பாயில் உருண்டு உருண்டு சிரித்தாள். "அப்பா, நீ காலேஜ் பாக்கப் போனியா, எனக்கு மாப்ள பாக்கப் போனியா?" இவருக்கு அப்போதுதான் அந்தக் காபி எதற்கென்று உறைத்தது. அப்புறம் ஒரு மாசம் அந்தக் கோர்ட் பக்கம் சைக்கிளைத் திருப்பவே இல்லை.

ஆனாலும் அந்த நோட்டில் விஷயம் இருந்தது. இருபத்தி மூன்று வக்கீல்களில் ஆள்கூட்டம் சுற்றி நின்றது ஆறு பேரிடம். ஆறு பேரும் மூன்று பாஷை பேசினார்கள். அவர்களில் நாலு பேர் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் படித்தவர்கள்.

பெங்களூர்க்காரர்கள், திங்கட்கிழமைக்குள் அட்வான்ஸ் கட்டினால்தான் சீட் என்றார்கள். அரசுக் கல்லூரி விண்ணப்பத்துக்கும் அந்த வாரம்தான் கடைசி. எந்த ஊர் வேண்டும் என்று அதில் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்தாக வேண்டும். சனிக்கிழமை சாயங்காலமே இவர் தாளை எழுதி முடித்து, டிவி பெட்டி மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். நான் தூசி தட்டுகிற மாதிரி எடுத்துப் பார்த்தேன். பெங்களூருக்கு எழுபத்து மூன்று, கோயம்புத்தூருக்கு அறுபத்து ஐந்து, சென்னைக்கு ஐம்பத்து ஏழு. பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சென்னம்மா கீரை கொண்டு வந்தவள், என்ன ஆகிறது என்று பார்க்க அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இவர் தாளை லாவண்யா முன்னால் வைத்து, பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்தார்.

"பெங்களூருதான் வந்துருக்கு தாயி. பொருளு ஒனக்குத்தான, நீதான் கையெழுத்துப் போடணும்."

அவள் பேனாவை வாங்கவில்லை. முகம் சுண்டிப்போய்விட்டது.

"அப்பா, நான் ஓசூர் கோர்ட்டுலதான் நிக்கப் போறேன். கர்நாடகா நெலச் சட்டத்தப் படிச்சிட்டு வந்து இங்க என்ன பண்றது? சென்னம்மாக்கா பட்டா தமிழ்நாட்டுச் சட்டத்துலதான இருக்குது?"

"அதுக்கெல்லாம் மார்க் போட்டாச்சு."

"ரெண்டு வருசம் முன்னாடி அந்த நடிகரக் கடத்துன கலாட்டால பார்டர்ல எத்தன நாளு பஸ் நின்னுச்சு? அத்திப்பள்ளி வரைக்கும் நடந்து போனாங்க இல்ல ஜனங்க? நாளைக்குத் தண்ணிப் பிரச்சனன்னு மறுபடியும் நின்னா, பரிச்சைக்கு எப்புடிப் போவேன்?"

"அதுக்குத்தான் தூரத்துல அஞ்சு மார்க் கொறச்சிருக்கேன்" என்றார். நாற்பத்து ஐந்து என்று போட்டிருந்தது.

லாவண்யா தாளை இழுத்து வைத்துக்கொண்டு தலைப்பு வரியைப் பார்த்தாள். செலவுக்கு முப்பது, வேலைக்கு முப்பது, தூரத்துக்கு ஐம்பது. உதடு அசைந்தது. மறுபடியும் ஒரு தடவை அசைந்தது.

"அப்பா... மொத்தம் நூத்திப்பத்து வருதுப்பா."

சென்னம்மா கீரை ஆய்வதை நிறுத்திவிட்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நூற்றுப்பத்து என்று எனக்குச் சனிக்கிழமையே தெரியும். ரோஜாக் கட்டை எண்ணி எண்ணிப் பழகிய கண்ணுக்கு அது தப்புமா? பார்த்துவிட்டுத்தான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பெண் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வரட்டும், ஜெயிக்கட்டும் பெங்களூர் என்று நினைத்தேன். பாவி நான். அவளுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தே இருந்தேன்.

இவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நாப்பதுதான் தாயி மொதல்ல போட்டேன். கோயமுத்தூரு ரெண்டு மார்க்குல முந்திருச்சு. எனக்கு என்னமோ மாதிரி ஆயிப்போச்சு. வேற தாள் எடுத்து, நாப்பத அம்பதாக்கிட்டேன். மத்தத கொறைக்க மறந்துட்டேன்." பேனா மூடியைத் திரும்ப மாட்டிக்கொண்டே, "நீ இல்லாம வீட்டுக்கு வர்றத நெனச்சுப் பாத்தேன். முடியல தாயி" என்றார்.

பதினெட்டு வருஷமாக எவனுக்கும் மார்க்கை மாற்றிப் போடாத மனுஷன். சோற்றைத் தின்கிறவன் செய்வானா என்று கேட்ட அதே மனுஷன். லாவண்யா அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். இவரும் அழுதார். நான் மட்டும் சும்மா இருப்பேனா? சென்னம்மாதான் பொறுக்க முடியாமல் சத்தம் போட்டாள்.

"அய்யோ தேவுடா! கோயமுத்தூரு என்னா அமெரிக்காவா? ஒரு பொழுது பஸ்ல ஒக்காந்தா எறங்கிக்கலாம். இதுக்குப் போயி மூணு பேரும் ஒப்பாரி வெக்கறீங்களே, அக்கம்பக்கம் என்னான்னு நெனைக்கும்?"

முதலில் சிரித்தது லாவண்யாதான்.

இவர் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். தாளைக் கிழிக்கவில்லை, கிழிப்பது அவருக்கு ஆகாது. குறுக்கே இரண்டு கோடு போட்டு, கேன்சல் என்று எழுதி, தேதி போட்டு, சுருக்குக் கையெழுத்து வைத்தார். புதுத் தாள் எடுத்து, முப்பது, முப்பது, நாற்பது என்று எழுதி, வாய்விட்டுக் கூட்டினார். நூறு. கோயம்புத்தூர் அறுபத்து ஐந்து, பெங்களூர் அறுபத்து மூன்று. லாவண்யா கையெழுத்துப் போட்டாள். அன்றைக்குக் கீரைக் குழம்பில் நான் உப்புப் போட மறந்துவிட்டேன். அப்பாவும் பெண்ணும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள், சென்னம்மா மட்டும் சொன்னாள்.

சீட்டுக் கிடைத்தது. கிளம்புகிற அன்று ஓசூர் பஸ் ஸ்டாண்டில், சேலம் பஸ்ஸில் பெட்டியை ஏற்றிவிட்டு இவர் பையிலிருந்து மூன்று தாள் எடுத்தார். வெள்ளை ஒன்று, ரோஸ் ஒன்று, மஞ்சள் ஒன்று. கம்பெனித் தாளைத் தொட மாட்டாரே, கடையில் வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கார்பன் வைத்து எழுதியிருந்தார். கம்பெனியிலிருந்து ஒரு சாமான் வெளியே வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வர வேண்டுமென்றால், அதற்குத் தனியாக ஒரு கேட் பாஸ் உண்டு. திரும்பி வராத சாமானுக்கு வேறு பாஸ். இவர் எழுதியது திரும்பி வர வேண்டிய பாஸ்.

பொருள்: லாவண்யா. எண்ணிக்கை: ஒன்று. காரணம்: வக்கீல் படிப்பு. நிலை: நன்று. திரும்ப வேண்டிய நாள்: 31.5.2007.

"வெள்ள சாமானோட போகணும். மஞ்சளு ஸ்டோர்ஸுக்கு, அது எங்கிட்ட. ரோஸு கேட்டுல செக்யூரிட்டிகிட்ட இருக்கணும்" என்று சொல்லி, ரோஸை என் கையில் கொடுத்தார். "திரும்பி வர்றப்ப மூணும் சேரணும். இல்லாட்டி உள்ள விடமாட்டேன்."

"நான் என்ன, ஒங்க வாட்ச்மேனா?" என்று கத்தினேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். லாவண்யா அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டாள். பஸ் நகர்ந்தது.

அந்த ஐந்து வருஷத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் முடியாது. முதல் மாசம் ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காமல் இளைத்தாள், இரண்டாம் வருஷம் கோயம்புத்தூர்த் தமிழ் பேசிக்கொண்டு வந்தாள். காவிரித் தண்ணீருக்காகப் பார்டரில் பஸ் நின்ற நாட்களில் இவர் பேப்பரை என் முன்னால் விரித்துவைத்து, "பாத்தியா?" என்பார், தானே கோயம்புத்தூரைத் தேர்ந்தெடுத்த மாதிரி. கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. ஓசூரைச் சுற்றி மனை விலை ஏறி, வேலிச் சண்டையும் பாகச் சண்டையும் பெருகின. வக்கீலுக்கு வேலை இல்லாமல் போகாது என்று இவர் தெம்பாகச் சொல்ல ஆரம்பித்தார். பிஎஃப் கவலை மட்டும் விடவில்லை.

இரண்டாயிரத்து ஏழு, ஜூன் நான்காம் தேதி, திங்கட்கிழமை காலை லாவண்யா பெட்டியோடு வந்து வாசலில் நின்றாள். அதே சௌந்தரராஜன் வக்கீலிடம் ஜூனியராகச் சேரப் பேசி முடித்துவிட்டு வந்திருந்தாள். அவருக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள், அதனால் பயப்பட ஒன்றுமில்லை. இவர் கதவைப் பாதி மூடிக்கொண்டு, கையில் மஞ்சள் தாளோடு குறுக்கே நின்றார்.

"நாலு நாளு லேட்டு" என்றார்.

"செமினார் இருந்துச்சுப்பா" என்றவள் பையைத் திறந்து, ஒரு தடிச் சட்டப் புத்தகத்துக்குள்ளிருந்து வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினாள். மடிப்பு கூடக் கலையாமல் இருந்தது.

இவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் ஒரு நக்கல். "செக்யூரிட்டி காப்பி? எங்க வச்சிருக்கப் போற நீ. அன்னைக்கே கடல சுத்தித் தூக்கிப் போட்டிருப்ப."

நான் அப்போதுதான் ஷெட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அதன் பிளாஸ்டிக் உறைக்குள் கையை விட்டு, அட்டைக்குப் பின்னாலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தேன். வேர்வையிலும் தண்ணீரிலும் ஊறி, ரோஸ் நிறம் போய் வெளுத்திருந்தது. மடிப்பெல்லாம் விட்டுப்போய், நாலு துண்டாகத்தான் அவர் கையில் வைத்தேன்.

மனுஷன் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திண்டாடித் திண்டாடி, "மூணும் சரியா இருக்கு" என்றார். கதவை முழுக்கத் திறந்துவிட்டார்.

ஐந்து வருஷம், தினமும், அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் நான் வேலைக்குப் போனேன். அவருக்கும் அது தெரியாது, அவளுக்கும் தெரியாது.